உடைந்த எலும்புக்கு அல்ட்ராசவுண்ட் கருவி: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவர், பனையிலிருந்து தவறியவர், குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றிய ஆச்சி, எல்லார் வீட்டிலும் ஆறாவது வாரத்தில் ஒரே பேச்சுதான்: எலும்பு கூடிச்சா, கூடலையா? அந்த நேரம் பார்த்து யாராவது, "ஒரு மெஷின் இருக்காம், தினம் இருபது நிமிஷம் வச்சா எலும்பு சீக்கிரம் கூடிருமாம்" என்பார்கள். அந்த மெஷினைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

இது என்ன மெஷின்? வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே அலையா?

அதே வகை அலைதான், காதுக்கு எட்டாத ஒலி. எலும்புக்கென்று செய்த கருவி 1.5 மெகாஹெர்ட்ஸ் அலையை, அதாவது நொடிக்கு 15 லட்சம் அதிர்வை, விட்டு விட்டு அனுப்புகிறது. 200 மைக்ரோநொடி அலை, 800 மைக்ரோநொடி ஓய்வு. இந்தச் சுற்று நொடிக்கு 1000 தடவை நடக்கும். 20 நிமிடத்தில் 12 லட்சம் துடிப்பு. சராசரி வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக லிபஸ் என்பார்கள்.

வைத்துக்கொண்டிருக்கும்போது சூடு, குறுகுறுப்பு, சத்தம் எதுவும் இருக்காது. "ஒண்ணுமே தெரியலையே, ஓடுதா?" என்று பலர் கேட்பார்கள். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் சரி. சூடு தெரிந்தால் கையிலிருப்பது வேறு கருவி.

ஒலி அலை தட்டும் நுண்ணிய அழுத்தத்தை எலும்புச் செல்கள் உணர்ந்து, காக்ஸ்-2 என்னும் என்சைமைக் கூட்டி, புது எலும்பு வளர்வதை முடுக்கிவிடுகின்றன என்பது விளக்கம். ஆய்வகத் தட்டிலும் எலியிலும் இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. மனுசன் காலில் அதே பலன் கிடைக்குமா என்பதில்தான் வழக்கு.

எங்க ஊர் ஃபிசியோ சென்டர்ல அல்ட்ராசவுண்ட் மெஷின் இருக்கு. அங்க போய் தினம் கரண்டு வச்சுக்கிட்டா போதாதா?

போதாது. பேர் ஒன்று, வேலை வேறு. அதிகக் காசும் நேரமும் வீணாவது இந்தக் குழப்பத்தில்தான்.

ஃபிசியோ மெஷின் 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வழக்கமாக வைக்கும் வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 0.5 முதல் 2 வாட் வரை. 1 வாட் என்பது 1000 மில்லிவாட். எலும்புக் கருவியின் 30 மில்லிவாட்டை விட அது முப்பது மடங்குக்கு மேல். அந்த மெஷினின் வேலை தசையையும் தசைநாரையும் சூடேற்றி இளக்குவது. அதனால்தான் தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நிறுத்தினால் எலும்பின் மேலுறை சூடாகிச் சுரீரென்று வலிக்கும். புது முறிவின் மேல் அப்படிச் சூடேற்றுவது தவிர்க்கவேண்டிய வேலை.

"அளவைக் குறைச்சு வச்சா ஒண்ணாயிராதா?" என்றும் கேட்கிறார்கள். விட்டு விட்டு அனுப்பும் முறையில் 20 சதவீதத்துக்கும், வலிமையை 0.15 வாட்டுக்கும் வைத்தால் கணக்குப்படி 30 மில்லிவாட் வரும், உண்மைதான். ஆனால் பல மெஷின்களில் துடிப்பு நொடிக்கு 100 தான், 1000 இல்லை. அடிமட்ட அளவில் அந்த மெஷின் காட்டும் எண்ணும் உண்மையில் வெளிவரும் சக்தியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. அளவீடு சரிபார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ! போதாததற்கு, தலையை அசைக்காமல் 20 நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்க எந்த சென்டரிலும் ஆள் கிடைக்காது.

மாவுக்கட்டு பிரித்த பிறகு விறைத்துப்போன மணிக்கட்டையும் கணுக்காலையும் இளக்க ஃபிசியோ கட்டாயம் வேண்டும். அங்கேயும் கரண்டை விடப் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

எங்க ஆச்சிக்கு மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. மெஷின் வாங்கி வச்சா சீக்கிரம் கூடிருமா?

வாங்கவேண்டாம். ஆறு வாரத்தில் தானாகவே கூடும் எலும்பு அது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும். 1983-இல் பிரேசிலைச் சேர்ந்த துவார்த்தே, வலிமை குறைந்த அலை எலும்பு கூடுவதை வேகப்படுத்துகிறது என்று விலங்குகளில் காட்டினார். 1994-இல் அமெரிக்காவில் ஹெக்மேன் குழு, டிபியா எனப்படும் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு உடைந்து மாவுக்கட்டில் இருந்த 67 முறிவுகளைப் பார்த்தது. கருவி வைத்தவர்களுக்கு 96 நாளில் கூடியது, போலிக் கருவி (பார்க்க அதேபோல் இருக்கும், அலை வராது) வைத்தவர்களுக்கு 154 நாள். 1997-இல் மணிக்கட்டு முறிவில் அதேபோல் 61 நாளும் 98 நாளும். மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1994-இல் புது முறிவுக்கும் 2000-இல் கூடாத எலும்புக்கும் அனுமதி கொடுத்தது. விற்பனைத் தாள்களில் இன்றும் நீங்கள் பார்ப்பது இந்தப் பழைய எண்களைத்தான்.

அந்த ஆய்வுகள் சின்னவை. பெரும்பாலும் எக்ஸ்ரேயில் முழுதாகக் கூடிய நாளைத்தான் எண்ணின, ஆள் எப்போது வேலைக்குத் திரும்பினார் என்பதை அல்ல. பிறகு பெரிய ஆய்வு ஒன்று வந்தது. டிபியா உடைந்து உள்ளே ராடு போட்ட 501 பேர், பாதிப் பேருக்கு உண்மைக் கருவி, பாதிப் பேருக்குப் போலி. நிதியில் ஒரு பகுதி கருவி விற்கும் தரப்பிலிருந்தே வந்தது. 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது: எக்ஸ்ரேயில் கூடும் காலத்திலும் வித்தியாசம் இல்லை, நடமாட்டத்திலும் வித்தியாசம் இல்லை. 2017-இல் அதே இதழின் நிபுணர் குழு, எலும்பு கூடுவதற்கு இந்தக் கருவி வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. காறை எலும்பு முறிவிலும் முன்பே தனியாகப் பார்த்து, பலன் இல்லை என்று கண்டிருந்தார்கள்.

மணிக்கட்டுக்கு இதைச் செய்யுங்கள்: மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் ஐந்து விரலையும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து தடவை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தோள்பட்டையை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து ஆச்சி சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் தவிப்பது பெரும்பாலும் விரலும் தோளும் விறைத்துப்போவதால்தான்.

அப்படின்னா எதுக்கு இன்னும் சில டாக்டர்கள் எழுதிக் கொடுக்காங்க?

கூடாமல் நின்றுபோன எலும்புக்காக. அங்கே நிலைமை கொஞ்சம் வேறு. மாதக்கணக்கில் கூடாமல் கிடந்த எலும்பு கருவி வைத்த பிறகு கூடியதாக நோயாளிகளின் விவரத் தொகுப்புகள் பல உண்டு. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கூடியதாகவும் சிலவற்றில் கணக்கு இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க, கருவி வைக்காத குழு இல்லை. எந்தச் சிகிச்சையை எப்போது தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் இதை மூன்றாகப் பிரித்தது. நன்றாகக் கூடும் வாய்ப்புள்ள புது முறிவுக்குக் கருவி கூடாது. கூடாமல் போகும் அபாயம் அதிகமுள்ள புது முறிவுக்கு ஆய்வுக்குள் மட்டும். ஏற்கெனவே தாமதமான அல்லது கூடாத முறிவுக்கு, ஆதாரம் போதாது என்று நோயாளியிடம் சொல்லி, முடிவைப் பதிவு செய்துகொண்டு தரலாம்.

கெடுதல் அநேகமாக இல்லை என்பதாலும், மறுபடி ஆபரேஷன் என்றால் பயப்படும் நோயாளிகள் இருப்பதாலும், மூன்று மாதம் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுப்போம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். ஆளைப் பொறுத்து அது நியாயமான வழிதான். ஆபரேஷன் தேவைப்படுகிறவருக்கு அதைத் தள்ளிப்போடும் சாக்காக இது மாறினால்தான் தப்பு.

எத்தனை மாசம் ஆனா 'கூடலை'ன்னு சொல்லலாம்?

பெரியவர்களுக்கு மணிக்கட்டு 5–6 வாரம், காறை எலும்பு 6–10 வாரம், மேற்கை 8–12 வாரம், டிபியா 16–20 வாரம், தொடை எலும்பு 16–24 வாரம். கைப் பெருவிரல் அடியில் இருக்கும் ஸ்கஃபாய்டு என்ற சின்ன எலும்பு 8–12 வாரம் இழுக்கும். சிறு பிள்ளைகளுக்கு இதில் பாதியே போதும்.

இந்தக் காலம் தாண்டினால் 'தாமதம்'. அடிபட்டு 9 மாதம் ஆகி, கடைசி 3 மாத எக்ஸ்ரேக்களில் துளியும் முன்னேற்றம் இல்லை என்றால்தான் 'கூடாத எலும்பு' என்ற முத்திரை. ஆகவே மூன்றாம் மாதத்தில் டிபியா கூடவில்லை என்று பதறி மெஷின் தேடுவது அவசரம்.

எக்ஸ்ரேயை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு கோணத்தில் எடுப்பார்கள். இரண்டிலும் சேர்த்து எலும்பின் நான்கு விளிம்புகள் தெரியும். அதில் மூன்றிலாவது பாலம்போல் எலும்பு தாண்டியிருந்தால் கூடியதாகக் கொள்வது வழக்கம். பழைய படங்களைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரே ஒரு படத்தை வைத்து முன்னேற்றம் சொல்ல யாராலும் முடியாது. உறைக்குள் போட்டு, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

எந்தக் கூடாத எலும்புக்கு இது ஒத்துவரும், எதுக்கு ஒத்துவராது?

முதலில் எலும்பு ஏன் கூடவில்லை என்று தெரியவேண்டும். எக்ஸ்ரேயில் உடைந்த முனை இரண்டும் யானைக்கால் மாதிரி அகன்று தடித்திருந்தால், எலும்பு வளரத் தயாராக இருக்கிறது, பிடிமானம்தான் போதவில்லை என்று பொருள். உள்ளே வைத்த உலோகப் பிளேட்டையோ ராடையோ மாற்றி இறுக்கினாலே கூடிவிடும். முனைகள் பென்சில் சீவியதுபோல் மெலிந்திருந்தால் ரத்த ஓட்டமும் உயிர்ப்பும் குறைவு. அதற்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டவேண்டியிருக்கும்.

உடைந்த இடம் அசையாமல் இருக்கிறது, முனைகள் நேராக இருக்கின்றன, நடுவிலுள்ள இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள், சீழ் இல்லை என்றால் கருவியை முயன்று பார்க்கலாம். முறிந்த இடத்தைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது என்றாலோ, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்றாலோ ஒலி அலை அதைப் பிடித்து நிறுத்தாது. சீழ் வடிந்துகொண்டிருக்கும் காலுக்கும் இதே பதில். முதலில் புண்ணைச் சுத்தம் செய்யவேண்டும். கோணலாகக் கூடிய எலும்பை நிமிர்த்தவும் இதனால் முடியாது.

இடத்தையும் பார்க்கவேண்டும். டிபியா தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அலை சுலபமாகப் போய்ச் சேரும். தடித்த தொடைக்குள் இருக்கும் எலும்பைச் சென்றடைவதற்குள் பாதி வலிமை தசையிலேயே கரைந்துவிடும். மண்டை ஓடு, முதுகெலும்பு முறிவுக்கு இந்தக் கருவி கிடையாது.

வீட்டில் வைப்பது எப்படி?

கருவியின் முகப்பு ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். அலை அந்த அகலத்துக்கு நேராக உள்ளே போகும், விரிந்து பரவாது. ஆக, சரியான இடத்தைக் குறித்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. "வலிக்கிற இடத்துல வச்சேன்" என்றால், வலி மூன்று சென்டிமீட்டர் தள்ளியிருக்கலாம், அலை முறிவைத் தொடாமலே போகும். டாக்டரிடம் கேட்டு, தோலில் ஒரு பேப்பர் கிளிப்பை டேப் போட்டு ஒட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் கிளிப்புக்கும் முறிவுக்கும் உள்ள தூரம் தெரியும். அதைவைத்துத் தோலில் அழியாத மார்க்கர் பேனாவால் பெருக்கல் குறி போட்டுவிடவேண்டும். குளிக்கும்போது மங்கினால் மறுநாளே மேலே வரைந்துகொள்ளுங்கள். பார்த்துப் பார்த்து வரையும்போது குறி மெல்ல நகரும். ஆகையால் முழங்கால் சில்லிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மாவுக்கட்டு இருந்தால் குறிக்கு நேரே 5–6 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஜன்னல் வெட்டவேண்டும். வீக்கம் வடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில், பிளாஸ்டர் வெட்டும் ரம்பத்தால் வெட்டவேண்டிய ஜன்னல் அது. அரிவாள்மனை, பிளேடு எதையும் வீட்டில் எடுக்காதீர்கள். வெட்டிய துண்டைப் பத்திரமாக வையுங்கள். 20 நிமிடம் முடிந்ததும் பஞ்சு வைத்து, அதே துண்டை அடைத்து, மேலே பேண்டேஜ் சுற்றவேண்டும். திறந்தே விட்டால் சதை அந்த ஓட்டை வழியாகப் புடைத்து வந்து, விளிம்பு அறுத்து, புண்ணாகும்.

பிறகு வேலை சுலபம். தோலைத் தண்ணீரால் துடைத்து உலரவிட்டு, முகப்பில் அல்ட்ராசவுண்ட் ஜெல்லை ஒரு ரூபாய்க் காசு தடிமனுக்குப் பூசுங்கள். குறியில் வைத்துப் பட்டையைக் கட்டுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையவேண்டும். பொத்தானை அமுக்கி 20 நிமிடம் ஆடாமல் இருந்தால் போதும், அதுவே நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். காலையில் விட்டுப்போனால் ராத்திரி வைக்கலாம். மறுநாள் 40 நிமிடம் வைத்து ஈடுகட்ட முடியாது.

பேட்டரியில் ஓடும் கருவியாக இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை. திசையன்விளையிலிருந்தோ கடையத்திலிருந்தோ 20 நிமிடத்துக்காகத் தினமும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறவேண்டியதில்லை. உடைந்த காலோடு அந்தப் பயணம் கருவி தரும் நன்மையை விடக் கெடுதல்.

மூன்று மாதம் வைத்தும் பலன் இல்லையே, எங்கே தப்பு நடந்திருக்கும்?

முதல் சந்தேகம் ஜெல் மேல். ஒலி அலைக்குக் காற்றுதான் எதிரி. முகப்புக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே அலை ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்துவிடும். ஜெல் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு துளியைத் தேய்ப்பதும், சித்திரை வெயிலில் ஜெல் காய்ந்து பொருக்காவதும், அடர்ந்த முடிக்குள் குமிழ் மாட்டிக்கொள்வதும் வழக்கமான பிழைகள். முடியை வெட்டிவிடுங்கள், காய்ந்த பொருக்கை ஈரத்துணியால் எடுங்கள். தேங்காய் எண்ணெய், வலி தைலம், வாசலின் எதுவும் ஜெல்லுக்கு மாற்று இல்லை. எண்ணெய் கருவியின் பிளாஸ்டிக்கையும் பட்டையையும் கெடுக்கும். தைலம் தோலை எரிக்கும்.

அடுத்தது இடம். உள்ளே பிளேட் இருக்கும் பக்கமாக வைத்தால் உலோகம் அலையைத் திருப்பிவிடும். பிளேட் இல்லாத பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, நாள் தவறுவது. கல்யாணம், கோயில் கொடை, வாழைத்தார் வெட்டு என்று வாரத்துக்கு மூன்று நாள் விட்டுப்போனால், அது கருவியின் தோல்வி என்று சொல்ல முடியாது. கருவி எண்ணிக்கை காட்டும் வகையாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலண்டரில் கோடு போடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மூன்று மாதத்து எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை என்றால் இன்னொரு மூன்று மாதம் நீட்டுவதில் அர்த்தமில்லை. ஆபரேஷன் பேச்சுக்குப் போகவேண்டும்.

உள்ளே ராடு, பிளேட் இருக்கு. சூடாகி ஆபத்தாகுமா?

30 மில்லிவாட்டில் ஆகாது. ஃபிசியோ மெஷினின் வாட் கணக்கு வலிமை என்றால் அந்தப் பயம் நியாயமானது.

யாருக்கு வைக்கக்கூடாது?

கர்ப்பிணிகளுக்கும், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு சோதிக்கப்படவில்லை, தவிர்த்துவிடுங்கள். புற்றுநோய்க் கட்டியால் எலும்பு உடைந்திருந்தால் கூடவே கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வைக்கும் இடத்தில் திறந்த புண் இருந்தால் ஆறும்வரை பொறுக்கவேண்டும். தோல் சிவந்து அரித்தால் பெரும்பாலும் ஜெல்தான் காரணம், வேறு ஜெல் மாற்றிப் பாருங்கள்.

நாட்டுக் கட்டு கட்டியிருக்கோம். அதுக்கு மேலயே மெஷின் வைக்கலாமா?

வைக்க முடியாது. துணி, மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, மூலிகைப் பற்று எல்லாம் காற்று நிறைந்த அடுக்குகள், அலை உள்ளே போகாது. பிரித்துப் பிரித்துக் கட்டும்போது உடைந்த முனையும் குறித்த இடமும் நகரும்.

கட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும், மெஷினை விட முக்கியமானது. அடிபட்ட அன்றே முன்னங்கையையோ கெண்டைக்காலையோ இறுக்கிக் கட்டினால், உள்ளே வீக்கம் ஏற இடமில்லாமல் ரத்த ஓட்டம் அடைபடும். விரல் நீலமாவது, மரத்துப்போவது, விரலைப் பிடித்து மெல்ல நீட்டினாலே உயிர்போகிற மாதிரி வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரியானாலும் கட்டை முழுக்கப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாவுக்கட்டென்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே பிரிக்கச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் போனால் தசை செத்து, கை பருந்து நகம்போல் மடங்கி நின்றுவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பிரண்டை சாப்பிட்டா எலும்பு கூடுமாமே?

துவையலாகச் சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. எலும்பைக் கூட்டும் மருந்தாக அதை நம்பி எக்ஸ்ரேயைத் தவிர்க்கவேண்டாம். பச்சைப் பிரண்டையை அரைத்துத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தோலைக் கடிக்கும். கட்டுக்குள் கொப்பளம் வந்தால் ஆபரேஷன் செய்ய வேண்டிய நேரத்தில் தோல் தயாராக இருக்காது.

மெஷின் இல்லாம எலும்பு சீக்கிரம் கூட என்ன செய்யலாம்?

பீடி, சிகரெட்டை நிறுத்துவது. ஆதாரம் உறுதியாக உள்ள வழிகளில் இதுதான் முதலில் நிற்கிறது. நிக்கோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும். டிபியாவின் கீழ்ப்பகுதிக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் கம்மி. அங்கே உடைந்தவர் புகைத்தால் எலும்பு கூடுவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கோடின்தான்.

அடுத்தது சுகர். கட்டுப்படாத சுகர் உள்ளவருக்கு எலும்பும் தாமதம், புண்ணும் தாமதம். கூடாத எலும்பு என்றால் தைராய்டும் வைட்டமின் டி-யும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது என்றாலும், திண்ணைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற பெண்களின் தோலில் அந்த வெயில் படுவதில்லை.

வலி மாத்திரையில் ஒரு வேடிக்கை உண்டு. லிபஸ் காக்ஸ்-2-ஐக் கூட்டித்தான் வேலை செய்கிறது என்கிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் அடக்குவதும் அதே காக்ஸ்-2-ஐத்தான். ஒருபக்கம் மெஷினை வைத்துக்கொண்டு மறுபக்கம் மெடிக்கலில் பட்டை பட்டையாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. முதல் சில நாள் டாக்டர் எழுதியது சரி. அதன்பிறகு பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் புரதம் வேண்டும்: தினம் இரண்டு முட்டை, பருப்பு, கிடைத்தால் நெத்திலி, சாளை. கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம், பால் 100 மில்லியில் சுமார் 120. எலும்பு சூப்பில் ருசிதான் அதிகம், கால்சியம் குறைவு.

கால் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பயந்து ஊன்றாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அது எலும்புக்கு நல்லதல்ல. மெஷின் தரும் நுண்ணிய தட்டலை விட, ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் எலும்பைத் தட்டுவது பல மடங்கு பெரிய சமிக்ஞை. ஊன்றக்கூடாது என்று சொல்லியிருந்தால் மட்டும் ஊன்றாதீர்கள்.

செலவு கட்டுமா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும்?

கருவியின் விலையைக் கேட்கும்போதே, அதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சைத் துறை இருக்கிறது. கூடாத எலும்பு என்று வெளியில் சொல்லியிருந்தால் பழைய எக்ஸ்ரே முழுவதையும் எடுத்துக்கொண்டு அங்கே இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது நல்ல வழி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே விசாரியுங்கள். சேர்த்த பிறகு விசாரித்தால் அலைச்சல்.

ஒருத்தர் பழைய மெஷினைப் பாதி விலைக்குத் தாரேங்காரு. வாங்கலாமா?

பின்பக்கத் தகட்டைப் புரட்டிப் பாருங்கள். 1.5 மெகாஹெர்ட்ஸ், 30 மில்லிவாட், 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு என்ற மூன்றும் இல்லையென்றால் அது எலும்புக் கருவி இல்லை. இணையத்தில் 'அல்ட்ராசவுண்ட் தெரபி' என்று மலிவாக வரும் பலவும் முகத்துக்கும் இடுப்புவலிக்கும் ஆனவை. எண்கள் சரியாக இருந்தால், இத்தனை தடவைதான் ஓடும் என்று உள்ளே கணக்கு வைத்து வரும் வகை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணிக்கை தீர்ந்ததும் நின்றுவிடும், பேட்டரி மாற்றினாலும் எழுந்திருக்காது. திரையில் மிச்சம் எத்தனை என்று பார்த்து, உங்களுக்கு வேண்டியது தினம் ஒன்று வீதம் மூன்று மாதத்துக்குக் குறைந்தது 90 தடவை இருக்கிறதா என்று எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்.